யாத்திரைக்கு முதல் நாள் மாலை

பாதயாத்திரை, முதல் அடி எடுத்து வைக்கும் காலையில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுவர். சிராவக ஒழுக்கத்தின்படி நோக்கினால், அது முதல் நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. யாத்திரிகர் கூடும் இடம் பெரும்பாலும் ஒரு நகரமாகவே அமைவதால், அம்மாலைப் பொழுதை எவ்வாறு கழிப்பது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு நடந்து செல்ல விழையும் குடும்பத்தார் நாகர்கோவிலில் இரவு தங்கி, தக்கலை வழியே குலசேகரம் அடைந்து, அருகிலுள்ள திருநந்திக்கரைக் குடைவரையைக் கண்டு, அருமனை வழியாகச் சிதறால் சேரலாம். அம்மலையில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர்களும் பத்மாவதி அம்மையும் பாறைப் புடைப்புருவங்களாக விளங்குகின்றனர். அரட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் இங்குப் பொன்னணி அளித்ததை, 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணரின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

இத்தகைய இடத்தை நாடிச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது வடசேரிச் சந்தையின் இரைச்சலும் மணிமேடைச் சந்திப்பின் விளக்கொளியுமே. நகரம் தீயதன்று, ஆயினும் அது மனத்தைப் பல திசைகளில் ஈர்க்கும். துறவியர் சிற்றூரில் ஓர் இரவும் நகரில் ஐந்து இரவுமே தங்கலாம் என முன்னோர் வரையறுத்ததன் கருத்தும் பற்றுக்கு இடந்தராமையே.

சிலப்பதிகாரத்தில் இதற்குத் தக்க சான்று உண்டு. மதுரையில் அறவுரை கேட்கும் விருப்புடன் கோவலன் கண்ணகியருடன் நடந்து வந்த கவுந்தியடிகள், அறவோர் வாழும் புறஞ்சேரியிலேயே தங்கிவிட்டார். கோவலனோ, நகர வணிகரிடம் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கூறிச் சென்றான். ஆனால் காப்பியம் விரித்துரைப்பது அவன் கண்ட வீதிகளையே. நகர் கண்டு மகிழ்ந்து மீண்டான் என்றே அப்பகுதி முடிகிறது. சென்ற காரியம் ஒன்று, நிகழ்ந்தது வேறொன்று. நம்மில் பலருக்கும் நேர்வது இதுவே.

இதற்கு மருந்தாக ஆசாரியர் வகுத்தது தேசாவகாசிகம் என்னும் சிட்சாவிரதம். வாழ்நாள் முழுமைக்கும் கொண்ட திசை எல்லையை, குறித்த காலத்திற்கு வீடு, ஊர், வயல், ஆறு என்ற அளவில் மேலும் சுருக்கிக் கொள்வதே இது. எல்லைக்கு அப்பால் அவன் எத்தீங்கும் செய்யாமையால், அவ்வளவில் இல்லறத்தானும் மகாவிரதியை ஒப்பான்.

இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உள்ளன: எல்லைக்கு அப்பால் பிறரை அனுப்புதல், அங்கிருந்து பொருளை வருவித்தல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்தல், கல் முதலியன எறிந்து அழைத்தல். தான் அறையில் அமர்ந்துகொண்டு, நேந்திரங்காய் வறுவல் வாங்கப் பிள்ளையைக் கடைத்தெருவிற்கு அனுப்பினாலும் விரதம் பழுதுபடும். கால் நின்றாலும் மனம் நிற்கவில்லையே!

ஆகவே, நகரை அடைந்ததும் தேவையான பொருள்களை வாங்கி முடிப்பீர். பொழுது சாயுமுன் உணவு கொள்வீர். பின்னர், தங்குமிடமும் நாகராஜா கோயிலும் அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியுமே சூரியோதயம் வரை எம் எல்லை எனக் குடும்பத்தார் அனைவரும் உறுதி கொள்வீர். இன்று பிற சமயத்தார் வழிபடும் அக்கோயிலின் தூண்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் ஆகிய சமணப் பெரியோரைக் குறிக்கின்றன. பணிவுடன் கண்டு, பிள்ளைகளுக்கு எடுத்துரைத்துத் திரும்புவீர். சாமாயிகம் செய்து உறங்குவீர்.

மறுநாள், நான்கு முழம் முன்னே நோக்கி, சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் அடியெடுத்து வைத்தல் வேண்டும். அக்கவனம் முந்திய இரவே அடங்கிய மனத்திற்கு எளிதில் வாய்க்கும். கடைவீதியில் அலைந்த மனத்திற்கு அரிது. யாத்திரையின் பயனைத் தூரத்தால் அளப்பவர் பலர். அடக்கத்தால் அளப்பவரே அதனைப் பெறுவர்.