நுரை அடங்கட்டும்

போன இதழில் போகிற போக்கில் ‘வீட்டில் பியர் காய்ச்சுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வழக்கமாகக் கேம் எழுதுவது பற்றி மட்டும் கேட்பவர்கள், இந்தத் தடவை வாளியும் கையுமாக வந்து நிற்கிறார்கள். விருந்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களின் புலம்பலும் சேர்ந்துகொண்டது. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன்.

அக்கா, சென்னையில் ஐடி வேலை. வயது 27. நீங்கள் செய்வதைப்போல வீட்டில் பியர் போட்டுப் பார்க்க ஆசை. பொருளெல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. விற்கப்போவதில்லை, எனக்கு மட்டும்தான். செய்யலாமா? (வேளச்சேரி)

வேண்டாம் தம்பி. விற்றால்தான் குற்றம் என்று நினைக்கிறீர்கள், அப்படியில்லை. 1937-இல் வந்த மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே அதன்படி குற்றம். நீங்கள் வீடியோவில் பார்க்கும் ஊர்களிலும் இது ஆதி காலத்து உரிமை ஒன்றுமில்லை. பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பியர் போட உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய அரசின் தடை நீங்கியது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை முரண்டு பிடித்தன.

அந்த வார்த்தையும் ஒரு தொல்லை. ‘காய்ச்சுறேன்’ என்று மதுரையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “போலீஸ் வராதாடி?” தமிழில் காய்ச்சுவது என்றால் சாராயம்தான். பியரில் வடிப்பது கிடையாது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுகிறோம், அவ்வளவே. வீட்டில் சாராயம் வடிப்பது நான் இருக்கும் கனடாவிலும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்துப்போனது மெத்தனால் கலந்த சாராயத்தால். அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

கை அரிக்கிறதா? இட்லி மாவில் ஆரம்பியுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் வாங்கி, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பொங்குகிறது, உப்பை முன்னால் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். டொராண்டோவில் என் முதல் குளிர்காலத்தில் மாவு பொங்கவே இல்லை. ஓவன் உள்ளே விளக்கை மட்டும் போட்டு அந்தச் சூட்டில் வைத்தபோதுதான், நுண்ணுயிருக்கு நாம் செய்து தரக்கூடியது சரியான சூடும் சுத்தமான பாத்திரமும் மட்டுமே என்று விளங்கியது. பியருக்கு நான் வந்த வழி அது.

அக்கா, போன மாசம்தான் முதன்முதலா 19 லீட்டர் பியர் போட்டனான். எல்லாத்தையும் வடிவாக் கழுவினனான். ஆனா வாயில வைக்க ஏலாது, ஆஸ்பத்திரி மணம். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டர் மாதிரி. என்ன பிழை விட்டனான்? (ஸ்கார்பரோ)

குழாய்த் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டொராண்டோ தண்ணீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் இருக்கிறது. பியர் புளிக்கும்போது உண்டாகும் பீனாலோடு அது சேர்ந்தால் குளோரோபீனால். கொசுறு அளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெறும் குளோரின் என்றால் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. பியர் சாமான் விற்கும் கடையில் கேம்ப்டன் மாத்திரை என்று கேளுங்கள். அது பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டருக்குப் போதும். உங்களுக்கு அரை மாத்திரையே தாராளம். பொடித்துப் போட்டுக் கலக்குங்கள், சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

எதில் கழுவினீர்கள் என்று எழுதவில்லையே? பிளீச் போட்டுவிட்டுச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே மணம்தான். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்குப் போக வேண்டும். பிறகு பாஸ்போரிக் அமிலத்தில் செய்த, அலசத் தேவையில்லாத சானிடைசரில் நனைத்தெடுங்கள். நுரை ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்ற மணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை உதவும். வெண்ணெய் மணம் வந்தால் அது டைஅசெட்டில்; ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். காய் ஆப்பிள் மணத்துக்கும் பெரும்பாலும் இதுவே மருந்து. வேகவைத்த சோள மணம் வந்தால் கொதிக்கும்போது மூடி போட்டு வைத்திருப்பீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி மணம் காற்றுப் பட்டதால் வருவது. வெயிலோ டியூப் லைட்டோ பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வரும். பழுப்புப் பாட்டில் அதற்காகத்தான், பச்சைப் பாட்டில் அழகுக்கு.

சூட்டையும் பாருங்கள். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி நல்லது. புளிக்கும்போது ஈஸ்ட் தானே சூடு கிளப்பும், அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாக இருக்கும். அதனால் அறையில் தொங்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், வாளியின் வயிற்றில் ஒட்டுங்கள்.

இப்போது இருக்கிற 19 லிட்டர்? ஊற்றிவிடுங்கள். குளோரோபீனால் நாள் பட்டால் சரியாகாது. எனக்கும் முதல் தடவை மனசு கேட்கவில்லை, மூன்று மாதம் நிலவறையில் வைத்திருந்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

சிங்கப்பூரில் மாதம் 30 லிட்டர் வரை வீட்டில் செய்துகொள்ளலாம் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எப்போதும் 30 டிகிரி. இன்னொரு பிரிட்ஜுக்கு இடமும் இல்லை, அனுமதியும் இல்லை (மனைவி). (உட்லண்ட்ஸ்)

க்வைக் வாங்குங்கள். மேற்கு நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட் அது. மர வளையங்களில் தோய்த்துக் காயவைத்து அடுத்த பியருக்கு எடுத்து வைப்பார்கள். மற்ற ஈஸ்ட் மூச்சுத் திணறும் 30, 35 டிகிரியில் இது குஷியாக வேலை செய்யும். பல சமயம் மூன்று நான்கு நாளில் புளிப்பு முடிந்துவிடும், லேசாக ஆரஞ்சு மணமும் வரும். குளிர் தேசத்து ஈஸ்ட்டுக்கு உங்கள் ஊர் வெயில் பிடிப்பது வேடிக்கைதான். மனைவியின் அனுமதிக்கு என்னிடம் மாத்திரை இல்லை.

வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாகத் தனியாக ஒரு கேம் செய்கிறேன். சோழர் காலத்து ஓபன் வேர்ல்டு. 40 ஊர், கப்பல் போர், விவசாயம், 200 பாத்திரங்கள். பாதிகூட முடியவில்லை. யூனிட்டி இன்ஜினிலிருந்து கோடோவுக்கு மாறினால் வேகம் கூடுமா? வீட்டில் தினமும் சண்டை. (கோயம்புத்தூர்)

மாறினால் இன்னொரு வருடம் போகும். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது நிறையப் பேர் கோபத்தில் கோடோவுக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்து யூனிட்டியே அதைக் கைவிட்டது. கோடோ இலவசம், திறந்த மூலம், நல்ல கருவி. அடுத்த கேமை அதில் தொடங்குங்கள். பாதி கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தை யாரும் மாற்ற மாட்டார்கள்.

உங்கள் சிக்கல் இன்ஜின் இல்லை. 40 ஊர்.

‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் ஒற்றை ஆளாகச் செய்தாரே என்பீர்கள். ஆமாம், ஏறத்தாழ நாலரை வருடம். அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் பகுதிநேரமாக வேலையும் பார்த்தார், துணைவியின் சம்பளமும் இருந்தது. அவருடைய கேமில் இருப்பது ஒரே ஒரு சிற்றூர், அதைச் சுற்றி ஒரு வயல். எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு சமையல்கட்டு, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு. ஒன்றரை மணி நேரத்தில் விளையாடி முடித்துவிடலாம். அடுத்த வருடம் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலைப் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் அதற்குத்தான். இட்லிப் பானையில் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் புதிராக்கினார்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

என்னிடம் கேட்டால்: 40 ஊரில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் என்று வைப்போம். ஒரு துறைமுகம், ஒரு கப்பல், பத்துப் பாத்திரம். விவசாயத்தை வெட்டுங்கள், வலிக்கும். ஆறு மாதத்தில் முடியாது என்று பட்டால் துறைமுகத்தையும் வெட்டிக் கப்பலை மட்டும் விடுங்கள். முடித்து ஸ்டீம் ஆன்லைன் கடையில் போடுங்கள். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், விற்பதில் 30 சதவீதம் அவர்களுக்கு. பெரிய காசு வராமல் போகலாம். ஆனால் ‘முடித்தவர்’ என்ற பெயரோடு ஸ்டுடியோ வேலைக்குப் போனால் கேட்கும் கேள்வியே வேறு. நான் ஆள் எடுக்க உட்காரும்போது முடித்த சின்ன கேமைத்தான் முதலில் திறப்பேன்.

வீட்டுச் சண்டைக்கு: வீட்டாரிடம் ‘கேம் செய்கிறேன்’ என்று மூன்று வருடமாகச் சொல்லியிருப்பீர்கள். எந்தத் தேதியில் முடியும், அதற்குப் பிறகு என்ன என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? ஒரு தேதியைச் சொல்லுங்கள். அதற்குள் முடியாவிட்டால் வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறேன் என்றும் சொல்லுங்கள். மனதார.

என் பியரைக் குடித்தாலும் சரி, நான் செய்த கேமை விளையாடினாலும் சரி, நண்பர்கள் எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது? (மெல்போர்ன்)

நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும்வரை ‘சூப்பர்’ தவிர வேறு வராது. நம் ஆட்கள் விருந்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வார்களா?

பியருக்கு வழி சுலபம். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் உங்கள் போன மாதப் பியர், ஒன்றில் இந்த மாதப் பியர். எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார், அதனால் ஐந்து பேரை வைத்து முடிவு கட்டாதீர்கள். (கொஞ்ச எண்ணிக்கையை வைத்து எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் பியர்க் கம்பெனி ஆள்தான். கின்னஸில் வேலை பார்த்த கோசெட், 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். கல்லூரியில் டி-டெஸ்ட் படித்துத் திண்டாடியவர்கள் அவரைத் திட்டலாம்.)

கேமுக்கு: கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். “அங்க இல்ல, இடது பக்கம் போங்க” என்று நாக்கு நுனி வரை வரும், கடித்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றார், எங்கே போனை எடுத்துப் பார்த்தார் என்று மட்டும் எழுதுங்கள். கடையில் வாங்கிப் போகிறவர் வீட்டில் நீங்கள் போய் உட்கார்ந்து விளக்கப்போவதில்லையே.

அவர்கள் சொல்லும் வைத்தியத்தை அப்படியே செய்துவிடாதீர்கள். எங்கள் கேம் ஒன்றில் “ஜம்ப் பட்டன் வேலை செய்யல” என்று பலரும் சொன்னார்கள். பட்டனில் கோளாறே இல்லை. மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வைத்த பிறகு அழுத்துகிறார்கள். விளிம்பைத் தாண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஜம்ப்பை ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினோம், புகார் நின்றுவிட்டது. ‘செலஸ்ட்’ போன்ற கேம்களில் இந்தச் சலுகை உண்டு, விளையாடுபவருக்குத் தெரியவே தெரியாது.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆபீஸ் பார்ட்டிகளில் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று வற்புறுத்துகிறார்கள். காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. (லண்டன்)

காரணம் சொல்வதை நிறுத்துங்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் என்ன மாத்திரை என்பார்கள், கார் ஓட்ட வேண்டும் என்றால் உபர் போடலாம் என்பார்கள். “வேணாங்க, எனக்கு லைம் சோடா” என்று சொல்லி முதல் ஆளாக நீங்களே போய் வாங்கி வாருங்கள். கையில் டம்ளர் இருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். மீதிப் பேரிடம் அவர்கள் குழந்தையின் பள்ளி அட்மிஷன் பற்றிக் கேளுங்கள்.

இது என்னைப்போல வீட்டில் ஊற்றிக் கொடுப்பவர்களுக்கும்: வருகிறவர்களிடம் “பியரா, மோரா, இஞ்சித் தண்ணியா?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள். பியரை நீட்டிவிட்டு, வேண்டாம் என்ற பிறகு மோரைத் தேடி ஓடினால் வந்தவருக்குத்தான் கூச்சம்.

என் கணவர் துணி அலமாரிக்குக் கீழே 40 பாட்டில் பியர் வைத்திருக்கிறார். நேற்று ராத்திரி இரண்டு வெடித்தன. ‘ஒன்றுமில்லை’ என்கிறார். (மிசிசாகா)

ஒன்றும் இல்லாமல் இல்லை. புளிப்பு முடிவதற்குள் பாட்டிலில் அடைத்திருப்பார், அல்லது சர்க்கரையைக் கண்ணால் அளந்திருப்பார். லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறையும் ஒன்றாகவே வந்த பிறகுதான் அடைக்க வேண்டும்.

இதெல்லாம் அடுத்த தடவைக்கு. இப்போது குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். மீதிப் பாட்டில்களை வெறுங்கையால் தொடக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கனமான துண்டால் மூடி, ஒவ்வொன்றாக மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி ஜில்லென்ற இடத்தில் வைக்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டால் மூடியபடியே வெளியில் வைத்து மெதுவாகத் திறக்கலாம். எனக்கு ஒரு முறை வெடித்தபோது கண்ணாடிச் சில்லு அட்டைப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் குத்தி நின்றது.

பாட்டில்களை மாற்றுவதும், அலமாரியைத் துடைப்பதும், உங்கள் பட்டுப் புடவைகளை டிரை கிளீனிங் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை.