அடுப்பிலேறும் எண்ணெயை அறிந்துகொள்வோம்

சாப்பாட்டுக்கடை நடத்தும் நம் வணிக அன்பர்களுக்கு எண்ணெயின்றி ஒரு நாளும் ஓடாது. வடையும் சம்சாவும் பரோட்டாவும் ஆனத்திற்குத் தாளிப்பதும் அதனாலன்றோ நடைபெறுகின்றன? மளிகைக்கடை அன்பர்களிடமோ, "எந்த எண்ணெய் நல்லது?" என்று வாடிக்கைக்காரர் வினவுகிறார். விலையை மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிடுவது அழகன்று. ஆகவே தாவர எண்ணெய்களின் தன்மையை இங்குச் சிறிது ஆராய்வோம்.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை நீக்குவோம். 'கொலஸ்டரால் இல்லாதது' என்று டின்னில் அச்சிட்டிருப்பது தனிச் சிறப்பு ஆகாது; அது தாவர எண்ணெய் அனைத்திற்கும் பொருந்தும். 'இலேசான எண்ணெய்' என்பதும் வெறும் பேச்சே. எந்த எண்ணெயாயினும் 1 கிராமில் 9 கலோரி உண்டு.

பின் வேறுபாடு எதில்? எண்ணெயில் அடங்கிய கொழுப்பு அமிலங்களில். அவை மூவகை: நிறைவுற்றவை, ஓரிடத்தில் நிறைவுறாதவை, பல இடங்களில் நிறைவுறாதவை. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு நிறைவுற்றது. செம்பனை எண்ணெயில் அது ஏறத்தாழப் பாதி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாதவையே மிகுதி. சோயா எண்ணெயிலும் சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயிலும் பாதிக்கு மேற்பட்டது மூன்றாம் வகையே.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. சூடும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து தாக்கும்போது மூன்றாம் வகையே முதலில் கெடுகிறது. அதில் முக்கியமான லினோலீயிக் அமிலம், இரண்டாம் வகையான ஒலியிக் அமிலத்தைவிட ஏறக்குறைய 10 மடங்கு விரைவாகப் பழுதாகும். ஆனால் அந்த லினோலீயிக் அமிலம் நம் உடல் தானே செய்துகொள்ள இயலாத, உணவின் மூலமே பெறவேண்டிய பொருள். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து இவ்வகையைச் சேர்த்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டராலும் குறையும். ஆக, உடலுக்கு உகந்தது சட்டியில் நிலைப்பதில்லை. சட்டியில் நிலைப்பதை மிகுதியாக உண்பது உடலுக்கு உகந்ததில்லை.

எனவே வேலைக்கேற்ற எண்ணெயைத் தேர்வதே அறிவுடைமை. தாளிக்கவும் வதக்கவும் சூரியகாந்தி, சோயா, நல்லெண்ணெய் ஏற்றவை. நெடுநேரம் பொரிக்கச் செம்பனை ஒலீன் தாக்குப்பிடிக்கும். 1917ல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் பயிரிடத் தொடங்கிய செம்பனை தந்த செல்வம் இது. குளிரூட்டிய அறையில் ஒலீன் கலங்கினால் கலப்படமென்று அஞ்சவேண்டாம். சிறிது சூடேறினால் தெளிந்துவிடும்.

செயற்கையாக ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்த கொழுப்பை மட்டும் அறவே விலக்குக. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இருதயத்திற்குக் கேடு. சிங்கப்பூர் அதனை 2021 ஜூன் முதல் தடைசெய்துள்ளது.

எவ்வளவு உறுதியான எண்ணெயாயினும் கவனக்குறைவைத் தாங்காது. ஆதலின் குசினியில் பண்டாரிகள் கைக்கொள்ள வேண்டியவை:

1. பொரிக்கும் சூடு 170 முதல் 180 டிகிரி போதும். புகையவிடக்கூடாது.

2. ஈயம் தேய்ந்த பித்தளைச் சட்டியும் செப்புச் சட்டியும் வேண்டாம். செம்பு பட்டால் எண்ணெய் விரைவில் கெடும்.

3. பொரிக்குமுன் ஈரத்தை வடித்துவிடுக. உப்பை இறக்கியபின் தூவுக.

4. கருகிய துகள்களை அவ்வப்போது அரித்தெடுத்து, வேலை முடிந்ததும் வடிகட்டி, மூடி, வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும்.

5. நுரைத்து நிற்பது, கறுத்துப் பிசுபிசுப்பது, காறல் வாடை, சீக்கிரம் புகைவது ஆகியவை கெட்டதன் அடையாளங்கள். அத்தகைய எண்ணெயில் புதியதை ஊற்றிச் சரிக்கட்டினால் புதியதும் விரைவில் கெடும்.

பழைய எண்ணெயைக் கொட்ட மனம் வராதது இயல்பே. ஆயினும் ஒரு டின் எண்ணெயின் விலையை நாளையே ஈட்டிவிடலாம். நம்பி வந்து இலைமுன் அமர்ந்தவர் இழந்த உடல்நலத்தையோ, அவரிடம் நாம் இழந்த நற்பெயரையோ அவ்வளவு எளிதில் மீட்க இயலாது.