ஒரு அங்குலக் கட்டத்துக்கு ஓர் ஆள்

கதைவிளையாட்டில் பாத்திரத்துக்காக நிறுத்தும் சின்ன உருவம் வாங்கப் போகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய், முகத்தையும் கவசத்தையும் ரசிப்பார்கள். நான் கீழே வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் போய் நின்று பார்ப்பேன். அங்கிருந்து வில்லாளி யார், மந்திரவாதி யார் என்று தெரிந்தால் வாங்கலாம். தெரியவில்லையென்றால், எத்தனை நுணுக்கமான வேலைப்பாடாக இருந்தாலும் அது அலமாரிக்குத்தான் சரி.

பெரும்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில ஆண்டுகளாக வாரக் கடைசியில் இந்த விளையாட்டை நடத்திவருகிறேன். சோழிங்கநல்லூரில் கணினி வேலை பார்க்கும் நண்பர்கள், எதிர் பிளாக்கிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள், பள்ளி முடித்த என் அக்கா மகன் என்று கலவையான கூட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் இறங்குவார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடங்களில் பகடை முடிவு சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அதுவும் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது. ஊருக்குள் போவதற்கும் பேரம் பேசுவதற்கும் உருவம் வேண்டாம். சண்டை மூண்டதும் “மாமா, என் ஆளு எங்க நிக்கறான்?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் உருவம்.

புதிதாக வருகிறவர்களை நான் முதல் நாளே கடைக்கு அனுப்புவதில்லை. தாயம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கையில் கிடைத்ததைக் காயாக்குவது இயல்பாகவே வரும். ஒருவர் புளியங்கொட்டை, ஒருவர் உடைந்த வளையல் துண்டு, இன்னொருவர் கூழாங்கல் என்று ஆளுக்கொரு காய் எடுத்துக்கொள்வோம். ஆட்டம் முடியும்வரை குழப்பம் வராது. அதே மாதிரி, உன் பாத்திரத்துக்கு வீட்டிலிருந்து எதையாவது கொண்டு வா என்பேன். சட்டைப் பொத்தானோ சதுரங்கக் குதிரையோ, எதுவானாலும் சரி. இரண்டு மூன்று வாரம் ஆடிய பிறகு தன் பாத்திரம் குள்ளமா, நெட்டையா, கையில் கோலா வாளா என்று அவர்களுக்கே தெளிவாகிவிடும். அப்போது வாங்கும் உருவம் பொருத்தமாக அமையும். கதாநாயகர்களின் உருவத்தைக் கதைசொல்லி தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அது ஆடுகிறவரின் உரிமை.

அடுத்தது அளவு. சண்டைக்குத் தரையில் போடும் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். கதைக்குள் அது ஐந்தடி. முப்பதடி ஓடக்கூடியவன் ஆறு கட்டம் நகர்வான். மனித அளவுள்ள உருவம் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். எருமை, குதிரை போன்றவற்றுக்கு இரண்டுக்கு இரண்டு. ராட்சதர்களுக்கு மூன்றுக்கு மூன்று. கடைக்குப் போகும்போது ஸ்கேல் எடுத்துப்போக மறந்தாலும் பையில் சில்லறை இருக்கும். 2019இல் வந்த புதிய ஐந்து ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய ஓர் அங்குலம். உருவத்தின் அடித்தட்டு அந்த நாணயத்துக்குள் நின்றால் சரி. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் போனால் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கும் சண்டையில் ஒன்றையொன்று தள்ளும். கேரம் காய் இன்னும் பெரிது, மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் பெரிய மிருகங்களுக்கு அது நன்றாகவே பயன்படும்.

எங்கள் பக்கத்துப் புதிய வீடுகளில் தரைக்கு இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருப்பார்கள். ஒரு டைலில் பக்கத்துக்கு 24 கட்டம் பிடிக்கும். ஒரு கோட்டை வாசல் சண்டைக்கு அது தாராளம். வழவழப்பான டைலில் ஒயிட்போர்டு மார்க்கரால் கோடு போட்டால் துணியால் துடைத்துவிடலாம். மூலையில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். இடுக்கில் பூசிய சிமென்ட்டில் மை பட்டால் போகாது. கோரைப்பாயில் மட்டும் உருவங்களை நிறுத்தாதீர்கள். பாயில் உட்காரலாம், ஆட்டம் தரையில் நடக்கட்டும்.

மின்விசிறியைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் ஒன்றும் சொல்வதில்லை. சித்திரை மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு யாரும் ஆட முடியாது. ஓடவிட்டால் காகித உருவங்கள் பறக்கும். ஹார்டுவேர் கடையில் வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள இரும்பு வாஷர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் ஒட்டிவிடுங்கள். அளவும் சரியாக இருக்கும், கனமும் சேரும். எனக்குத் தெரிந்து மிகக் குறைந்த செலவில் மிக நல்ல உருவம், கெட்டி அட்டையில் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, இப்படி வாஷரில் நிறுத்திய அட்டை ஆள்தான். ஓர் அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமும் போதும். முதுகையும் வரைந்தால்தான் ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது எதிரில் உட்கார்ந்தவருக்கும் தெரியும்.

வெளிநாட்டு உருவங்களின் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதனால் பலரும் முப்பரிமாண அச்சுக்குப் போகிறார்கள். பிசினில் அச்சடித்தால் விரல் நகம்வரை துல்லியமாக வரும். ஆனால் கெட்டிப்படாத பிசின் தோலுக்கு ஆகாது. கழுவிப் புற ஊதா ஒளியில் நன்றாக இறுகவிட்ட உருவத்தை மட்டும் வாங்குங்கள். பிசுபிசுப்பு இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடித்தவை சுவர், கதவு, பெரிய மிருகம் ஆகியவற்றுக்கு நல்லவை. அறுபது டிகிரிக்கு அருகில் அவை இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் வாளெல்லாம் வளைந்துவிடும்.

எதிரிகள், மிருகங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் மனம்போல் விளையாட இடம் இருக்கிறது. இந்த விளையாட்டின் புகழ்பெற்ற விநோத மிருகங்கள் சில, ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்திலிருந்து பிறந்தவை. இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் பூச்சி, ஆந்தைத்தலைக் கரடி, மண்ணுக்கடியில் நீந்திவரும் புலெட் மூன்றும் அப்படித்தான். கைகாக்ஸ் குழுவினர் என்ன மிருகமென்றே தெரியாத அந்தப் பொம்மைகளை மேசையில் வைத்து ஆடினார்கள். பெயரும் குணமும் பிறகு எழுதினார்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைவீதியில் தொங்கும் டைனோசர் பொட்டலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கணக்கில்லாத காட்டு மிருகங்கள் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும்போது, பெட்டியில் வரும் டிராகனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஃபெவிக்ரில் கறுப்பை முழுக்கப் பூசி, காய்ந்ததும் மேடுகளில் மட்டும் வெளிர்நிறத்தைத் தொட்டுவிட்டால், பொம்மைக்கடைப் பளபளப்பு போய் மிருகம் எழுந்து நிற்கும்.

நவராத்திரிக் காலம் இன்னும் வளமானது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பெரிய பொம்மைகளைத் தாண்டி, கொலுவில் பூங்கா அமைக்க விற்கும் சின்னச் சாமான்களைப் பாருங்கள். மரம், வேலி, கிணறு, குடிசை, மாட்டுவண்டி, காய்கறிக் கூடை எல்லாம் கிடைக்கும். நம் ஊர்க் கதை ஆடுவதற்கு இவ்வளவு பொருத்தமான களம் எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் வராது. பண்டிகை முடிந்த கையோடு போனால் மிச்சச் சரக்கை விலை குறைத்துக் கொடுப்பார்கள். சாமி உருவங்களை மட்டும் நான் ஆட்டத்தில் வைப்பதில்லை. ஆடுகிறவர்களில் யாராவது ஒருவருக்கு மனம் சங்கடப்பட்டாலும் அந்தச் சண்டைக்கு அர்த்தமில்லை. முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவுக்குப் போனால் சுடுமண் வேலைப்பாடுகளை நிதானமாகப் பாருங்கள். கைக்கடக்கமான ஒரு சுடுமண் குதிரை இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் அழகாக நிற்கும். எங்கள் கதையில் அது ஊர் எல்லை காக்கும் குதிரை. அதை யாரும் தாக்குவதில்லை என்பது எழுதாத விதி.

எல்லாவற்றுக்கும் உருவம் வைக்கவும் கூடாது. பெரிய வேதாளத்தைக் களத்தில் வைத்த மறுகணம் எல்லோருக்கும் அது எவ்வளவு பெரிது, என்ன வகை என்று தெரிந்துபோகிறது. இருட்டில் ஏதோ அசைந்தது என்ற பயம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே அடையாளம் தெரியாத எதற்கும் வெறும் கறுப்பு வட்டம் வைக்கிறேன். ஆடுகிறவர்கள் விளக்கேற்றிப் பக்கத்தில் போனால்தான் வட்டத்தை எடுத்துவிட்டு உருவத்தை வைப்பேன். இதற்காகவே ஒரு டப்பா நிறைய வட்டங்கள் வைத்திருக்கிறேன். விலையுயர்ந்த எந்த உருவத்தையும்விட அவை கதைக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

ஒரே மாதிரி எதிரிகள் ஆறு பேர் வந்தால் முதுகில் எண் எழுதுங்கள். இல்லையென்றால் யாருக்கு எத்தனை அடி விழுந்தது என்பதில் தகராறு வரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அதனால் நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுகிறேன். விஷம் ஏறியவன், மயங்கியவன் என்று காட்டுவதற்குக் குளிர்பான பாட்டில் மூடியைத் திறந்ததும் கழுத்தில் தங்கும் வளையம் போதும். 25 மில்லிமீட்டர் அடித்தட்டில் மாலைபோல் விழும்.

சேமித்து வைப்பதற்கும் நம் ஊருக்கென்று கணக்கு உண்டு. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். வெயிலடிக்கும் பகல் வரும்வரை பொறுங்கள். அட்டை உருவங்களைப் பசை தின்னும் பூச்சி விடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தவர்கள் தரைத்தள வீட்டில் எதையும் கட்டிலுக்கடியில் வைக்க மாட்டார்கள். டப்பா பரணில் இருக்கட்டும். அடியில் ஒட்டிய இரும்பு வாஷர் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு பெயின்ட் அடித்துவிட்டு வையுங்கள்.