மேளம் போய்த் திரும்ப ஒரு கார்னெட்

அன்புள்ள மருமகனுக்கு,

பங்குனி உத்திரத்துக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உங்கள் நையாண்டி மேளத்தைக் கூப்பிட்டிருப்பதாக அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். ஆனால் குற்றாலம் சாரல் விழாவுக்கு ஆலங்குளத்தில் வேன் பிடித்துப் போகிற கதை இல்லை இது.

நாகஸ்வரம், தவில், பம்பை, உறுமி, கூடவே மைக், மிக்சர் எல்லாம் சேர்ந்தால் நல்ல விலை. அங்கே உள்ள கஸ்டம்ஸுக்கு அது இறக்குமதிச் சரக்கு. சிங்கப்பூரில் இசைக்கருவிக்குச் சுங்கத்தீர்வை கிடையாது. 9 சதவீத ஜி.எஸ்.டி உண்டு. 'விற்க மாட்டோம், திரும்பக் கொண்டுபோவோம்' என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்? வரி கட்டு, இல்லையேல் பிணைத்தொகை வை என்பார்கள். நாட்டுக்கு நாடு இதே பாடு.

இதைத் தீர்க்கத்தான் 1961-ல் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் பிறந்தது ஏ.டி.ஏ கார்னெட், பொருளை வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம். இந்தியாவில் இதைத் தருவது ஃபிக்கி. 1927-ல் தொடங்கிய வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு. நீ அவர்களிடம் ஜாமீன் வைக்கிறாய். அவர்கள் உனக்காக அந்த நாட்டுக்கு ஜாமீன் நிற்கிறார்கள். கார்னெட் அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

கார்னெட்டின் உயிர்நாடி பொருள் பட்டியல்தான். 'தவில் 2' என்று எழுதினால் போதாது. மிக்சருக்கு மாடலும் சீரியல் நம்பரும் வேண்டும். தவிலுக்கு ஏது நம்பர்? எடை, மதிப்பு, அடையாளம் எழுது. போட்டோ எடுத்து வை. கார்னெட் கைக்கு வந்தபின் ஒரு பொருளைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. துண்டுப் பிரசுரம், விபூதிப் பொட்டலம் போல அங்கேயே தீர்ந்துபோகிறவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. நாகஸ்வரச் சீவாளியை நானாக இருந்தால் கைப்பையில் வைப்பேன்.

மயிலாட்டக்காரரும் வருகிறாரா? மயில் தோகை ஏற்றுமதிக்கு நம் நாட்டில் தடை. கார்னெட் வரியிலிருந்துதான் காக்கும், தடையிலிருந்து அல்ல. தோகை போல் தைத்த துணியைக் கட்டிக்கொண்டு ஆடட்டும்.

கார்னெட்டின் தாள்களில் மஞ்சள் நம் ஊரை விட்டுப் போகவும் திரும்பவும். வெள்ளை அந்நிய நாட்டில் நுழையவும் வெளியேறவும். அதிகாரி ஒரு பகுதியைக் கிழித்து எடுத்துக்கொள்வார். அடிக்கட்டை உன்னிடம் இருக்கும். அதில் முத்திரை விழுந்ததா, பொருள் எண்கள் சரியா என்று அங்கேயே நின்று பார். வெட்கப்படாதே.

ஆட்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் வெளியேறும்போதுதான். ஜோகூர் பாருவிலிருந்து பஸ்ஸில் சிங்கப்பூர் போவீர்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், குழுவில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் பெட்டிகளை இறக்கி மலேசியாவின் வெளியேறும் முத்திரையை வாங்காமல் விட்டால், அவர்கள் கணக்கில் உன் தவில் இன்னும் மலேசியாவில்தான் இருக்கிறது. கார்னெட் காலாவதியாகி ஓராண்டு வரை அவர்கள் வரி கேட்கலாம். அப்புறம் பொருள் திரும்பியதை நிரூபிக்க ஆறு மாதம் தருவார்கள். நம் ஊரில் திரும்பியபோது போட்ட மஞ்சள் முத்திரை பெரும்பாலும் காப்பாற்றும், ஆனாலும் அதற்கொரு கட்டணம் கேட்கலாம்.

ஸ்பீக்கர், மிக்சரை அங்கேயே வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். நாலைந்து வாத்தியம் மட்டும் என்றால் இத்தனை செலவு தேவையா என்று அழைத்த கோயில்காரரை விட்டு அவர்கள் கஸ்டம்ஸில் கேட்கச் சொல். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறுமுன் நம் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கினால், திரும்பும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்வி வராது. அது நம் ஊர்க் கேள்விக்கு மட்டுமே பதில். அந்த நாட்டு வரிக்கு உதவாது.

எந்த விமான நிலையத்தில் கார்னெட்டைப் பதிவு செய்கிறார்கள் என்று டிக்கெட் போடுமுன் ஃபிக்கியிடமே கேள். ஊர் திரும்பியதும் கார்னெட்டை அலமாரியில் போட்டுவிடாதே. ஃபிக்கிக்குத் திருப்பி அனுப்பினால்தான் உன் ஜாமீன் விடுபடும்.

அன்புடன்,
மாமா