மகனுக்கும் ஒரு சம்பள நாள் வேண்டும்

மண்டைதீவில் நண்டு வாங்கி, ஐஸ் போட்டு, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற வாடி என்னுடையது. பிள்ளைகளோடு தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூத்தவன் 18 வயதில் என்னோடு இறங்கினான். விடிய நாலு மணிக்குத் தராசடியில் நிற்பான். கணக்குக் கொப்பியும் அவன் கையில்தான். ஆறு வருசம் நின்றவனுக்குச் சம்பளம் என்று ஒரு சதம் கொடுக்கவில்லை. கேட்டபோது கைச்செலவுக்குக் கொடுத்தேன். "எல்லாம் உனக்குத்தானே" என்பேன். வேலைக்கு நின்ற இரண்டு பெடியளுக்கும் சனிக்கிழமை தவறாமல் கூலி எண்ணிக் கொடுத்தேன். அதைக் கொப்பியில் எழுதியவன் அவன்.

24 வயதில் சின்ன லொறி ஒன்று லீசிங்கில் எடுக்கப் போனான். சம்பளத் துண்டு கேட்டார்கள், சேமலாப நிதி இலக்கம் கேட்டார்கள். அவனிடம் ஒன்றும் இல்லை. பின்னேரம் வந்து சொன்னான்: "அப்பா, ஆறு வருசம் உங்களோட நிண்டனான். கடுதாசியில நான் ஒரு நாளும் வேலை செய்யேல்லை." அடுத்த மாதம் நீர்கொழும்பில் வேறொருவரின் வாடிக்குப் போய்விட்டான்.

நான் அவன் உழைப்பைத் தின்னவில்லை. அந்தக் காசில்தான் தங்கச்சிக்குச் சீதன வீடு எழும்பியது. ஆனால் அவனைக் கேட்டுச் செய்யவில்லை. பிழை அதுதான்.

"பெத்த பிள்ளைக்குச் சம்பளமோ? மகன்ரை உழைப்பு வீட்டுச் சொத்தெண்டு தேசவழமையே சொல்லுது" என்றார் ஓர் உறவினர். சொல்லுகிறதுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த அந்த வழக்கச் சட்டத்தில், கலியாணம்வரை மகன் தேடியது பொதுச் சொத்தில் சேர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் கடலில் நாங்கள் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்றுதானே பங்கு பிரிக்கிறோம்? நான் ஐயாவோடு தொழிலுக்குப் போன காலத்தில் என் ஆள்பங்கை அவர் தனியே எடுத்துத் தந்தார். கரைக்கு வந்து முதலாளியானதும் அதை மறந்தவன் நான். அந்த உறவினரின் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் தராசடியில் ஒரு மகனையும் இழக்கவில்லை.

இப்போது வாடியில் என்னோடு நிற்கிற இளையவனுக்கு மாதம் 30,000 ரூபா. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். தொழில் திணைக்களப் பதிவு பெரிய வேலை இல்லை. சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் 8 வீதம், 2,400 ரூபா கழியும்; நான் 12 வீதம், 3,600 ரூபா போடுகிறேன். நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900 ரூபா, அதுவும் என் காசு. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம்வரை ஏறும்.

சம்பளத்தை அவன் பெயரிலுள்ள கணக்கிலேயே போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். போட்டதைக் கைமாற்றாகத் திருப்பிக் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்கென்று கழிக்காதீர்கள். படிக்கிற மகளின் பெயரையும் சம்பளத்தில் எழுதி வரியைக் குறைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். வேலை செய்யாத பிள்ளைக்குச் சம்பளம் எழுதுவது பொய்க் கணக்கு. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு இழுக்கவே வேண்டாம். வேலைக்கு எடுக்கும் வயதை 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்திவிட்டார்கள்.

மூத்தவனின் கொப்பிகளை எடுத்து, வேலைக்காரப் பெடியளுக்கு அவன் எழுதிய அதே கூலியில் ஆறு வருசத்தையும் கூட்டினேன். மாதா மாதம் ஒரு பகுதியை அவன் கணக்கில் போடுகிறேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. திரும்பி வருகிறேன் என்றும் சொல்லவில்லை.