பார்த்தீனியம்: பூக்க முன்னரே அறிவோம்

எங்கள் வவுனியாவுக்கு ஒரு வேண்டாத பெருமை உண்டு. இலங்கையில் பார்த்தீனியம் முதலில் அடையாளங் காணப்பட்டது இங்கேதான், 1999இல். இந்தியப் படையினர் இங்கிருந்த காலத்தில் அவர்களுடைய உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதையும் வந்திருக்கலாம் என்பார்கள். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். வன்னியில் இடம்பெயர்ந்து நெடுங்காலத்தின் பின் திரும்பியவர்களின் காணிகள் பலவற்றில், வீட்டுக்காரருக்கு முந்தி அதுதான் குடியேறியிருந்தது.

வெள்ளைப் பூ வந்தபின் எவரும் அதைச் சொல்லிவிடுவார்கள். மாணவிகளிடம் நான் கேட்பது அதற்கு முந்திய நிலையை. மாரி மழையோடு முளைக்கும் இளஞ்செடிக்குத் தண்டு தெரியாது. இலைகள் வட்டமாக நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். இலை கரட் இலைபோல ஆழமாகப் பிளந்திருக்கும், மென்மயிரும் உண்டு. பிறகு நடுவிலிருந்து தண்டு எழுந்து, கிளைவிட்டு, ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். தண்டில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் இருக்கும். அதை விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள்.

அதே சூரியகாந்திக் குடும்பத்து நல்ல செடிகளை இதென்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது. கையாந்தகரைக்கும் வெள்ளைப் பூத்தான். ஆனால் இலை பிளவுபடாது. மூக்குத்திப்பூ நிலத்தில் படரும். நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். பார்த்தீனியத்தின் பூக்களோ கிளை நுனிகளில் கூட்டமாக, கொத்தமல்லி விதையளவில், ஐந்து மூலைகளோடு இருக்கும். நாம் பூ என்பது உண்மையில் பல நுண்பூக்கள் சேர்ந்த பூந்துணர். மூலைக்கொன்றாக ஐந்து விதைகள்தான். ஆனாலும் ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் தரக்கூடியது! முளைத்து ஒரு மாதமளவில் பூக்கவும் தொடங்கிவிடும். காற்றும் வெள்ளமும் உழவு இயந்திரச் சில்லும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. "போன முறை பிடுங்கினேன், ஒன்றும் செய்யவில்லையே" என்று வெறுங்கையால் தொடாதீர்கள். பலருக்குப் பலமுறை பட்ட பிறகே ஒவ்வாமை வெளிப்படும். தோல் தடித்து அரிக்கும். மகரந்தம் தும்மலையும் இளைப்பையும் தரும். மாடு தின்றால் பாலும் கசக்கும்.

மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது, கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியைக் கூட்டெருவாக்கலாம். பூத்ததை அங்கே போட்டால் அடுத்த மாரிக்கு நாமே விதைத்ததாகிவிடும். அதை ஆழக் குழியில் புதையுங்கள். இளைப்பு உள்ள பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.