வளைவின் மூலம் எங்கே?

நமது முதுகெலும்பு நேர்க்கோடு அன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அமைந்த முள்ளெலும்புகள் இயல்பாகவே முன்னும் பின்னும் வளைந்துள்ளன. உடலின் பாரத்தைத் தாங்க இவ்வளைவுகள் இன்றியமையாதவை. ஆனால் இடுப்புப் பகுதியின் உள்வளைவு அளவு கடந்தால் வயிறு முன்தள்ளியும் புட்டம் பின்தள்ளியும் காணப்படும். மருத்துவர்கள் இதனை 'ஹைப்பர்லார்டோஸிஸ்' என்பர். இத்தகையோர் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் அதோமுக விருக்ஷாசனத்தைப் பயிலலாமா? பயிலலாம் எனில், எவ்வாறு?

இந்த வினாவிற்கு மைசூருவின் யோக மரபு வழிகாட்டுகிறது. மண்டி மொஹல்லா அந்நகரின் பழைய வணிகப் பகுதி. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஜகன்மோகன் அரண்மனையில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன், 1933-ஆம் ஆண்டு திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கியது. 1934-இல் மைசூருக்கு வந்து அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், அப்போது நோயால் நலிந்து, உடல் இறுகிப்போயிருந்த சிறுவர். பிற்காலத்தில் அவர் சுவர், கயிறு, பட்டை, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாக்கி, இயலாதவரும் ஆசனம் பயில வழிசெய்தார். ஆசனத்திற்காக மனிதனை வருத்துவதன்று, மனிதனுக்கு ஏற்ப ஆசனத்தை அமைப்பதே முறை என்பது குரு, சீடர் இருவரின் பிற்காலப் போதனையிலும் விளங்குகிறது.

மண்டியில் மூட்டை அடுக்குவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. அடியிலுள்ள மூட்டை சரியாக அமையாவிடில், நடுவில் உள்ளது பிதுங்கும். பிதுங்கிய மூட்டையை மட்டும் உள்ளே தள்ளுவதால் பயனில்லை. கைகளில் நிற்கும்போது நம் உடலின் அடித்தளம் மணிக்கட்டும் தோளும் ஆகும். தோள்மூட்டு முழுமையாகத் திறவாவிடில், கால்களை மேலே நிறுத்துவதற்காக இடுப்பு மேலும் வளைகிறது. விலா எலும்புகள் முன்னே பிதுங்குகின்றன. வளைவு தென்படுவது இடுப்பில். அதை மிகைப்படுத்துவதோ பெரும்பாலும் தோள். இவ்வாறு வளைந்த நிலையிலேயே மீண்டும் மீண்டும் பயின்றால் கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் அழுத்தம் பெருகும். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் இளைஞரிடையே முள்ளெலும்பின் பின்பகுதியில் விரிசல் மிகுதியாகக் காணப்படுவது இதற்கோர் எச்சரிக்கை.

ஆகவே, பயிற்சியைப் பின்வரும் வரிசையில் மேற்கொள்ளலாம்.

1. சோதனை: முன்னால் குனியும்போது உள்வளைவு மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறையாவிடினும், முதுகில் வலியோ காலில் மரத்துப்போதலோ இருப்பினும், முதலில் மருத்துவரை நாட வேண்டும். உயர் இரத்த அழுத்தமும் கண் அழுத்த நோயும் உள்ளோர் தலைகீழ் நிலைகளைத் தவிர்ப்பது நலம்.

2. தோள்: சுவரில் முதுகு சாய்த்து நின்று, விலா பிதுங்காமல் கைகளை மேலே உயர்த்த வேண்டும். எந்த அளவில் கீழ்முதுகு சுவரைவிட்டு மேலும் விலகத் தொடங்குகிறதோ, அதுவே தோளின் இன்றைய எல்லை.

3. வயிறு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, கீழ்முதுகு தரையில் படியுமாறு வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்காமல் இதைப் பழகிய பின், கால்களைச் சிறிது சிறிதாக நீட்டலாம்.

4. சுவர்: ஆசிரியரின் துணையுடன், முகம் சுவரை நோக்குமாறு நின்று பழக வேண்டும். முதுகு சுவரை நோக்கினால் வளைந்தபடியே சாயும் பழக்கம் வலுப்பெறும். முகம் சுவரை நோக்கினால் உடல் நேராக நிற்கக் கற்கும். தொடக்கத்தில் சில விநாடிகளே போதும்.

ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது பதஞ்சலி முனிவரின் கருத்து. வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்பது சுகமன்று. வளைந்து சமாளிப்பது உறுதியுமன்று. உடலிலும் மனத்திலும் குறை வெளிப்படும் இடம் ஒன்று, அதன் மூலம் வேறொன்று. கோபத்தை அடக்க முயன்று தோற்பவர், அதன் அடியிலுள்ள ஆசையை நோக்குவதில்லை. வெளிப்படும் இடத்தோடு போராடாமல், மூலத்தைப் பொறுமையுடன் தேடிச் சீர்செய்யும் பழக்கத்தை இந்த ஆசனம் நமக்குக் கற்பிக்குமாயின், கால்கள் சுவரைவிட்டு விலகி நிற்கும் நாள் தாமதமானாலும் பயிற்சி வீணாவதில்லை.